முப்பது இந்தப் பக்கம், முப்பது அந்தப் பக்கம்

போன வியாழக்கிழமை ஓபி முடிஞ்சு ரூமுக்கு வந்தா வாசல்ல லேப்டாப்ப கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஒரு பைனல் இயர் பிஜி (மேல்படிப்பு படிக்கிற டாக்டர்) தம்பி நிக்கிறாப்ல. "சார், டேட்டா கலெக்‌ஷன் முடிச்சாச்சு சார், பி வேல்யூ மட்டும் வரல, ஏதாவது பண்ண முடியுமா பாருங்க சார்"ங்கிறாப்ல. (பி வேல்யூன்னா, ரெண்டு குரூப்புக்கும் நிஜத்துல வித்தியாசமே இல்லன்னாலும் இவ்வளவோ அதுக்கு மேலயோ வித்தியாசம் தற்செயலா வர எவ்வளவு வாய்ப்புங்கிற எண். 0.05க்கு கீழ இருந்தாதான் 'வந்துச்சு'ன்னு கணக்கு.) இந்த வருஷத்துல இப்படி வந்த நாலாவது ஆள். நான் ஸ்டேட்ஸ் ஆள் இல்லங்க, சர்ஜன். ஆனா தீசிஸ் (பிஜி முடிக்க எழுதுற ஆய்வறிக்கை) கமிட்டியில உக்கார வெச்சதுல இருந்து, டிரெய்ன் குழாய்ல எதுவும் வராத கேஸ் மாதிரி பி வேல்யூ வராத கேஸ் எல்லாம் எங்கிட்டதான் ரெஃபர் ஆகுது. அந்தக் கடுப்புலதான் எழுதுறேன், கொஞ்சம் காரமா இருந்தா பொறுத்துக்கங்க.

தம்பியோட டாபிக் ஒண்ணும் மோசம் இல்ல. எமர்ஜென்சி லேபராட்டமி (அவசரமா வயித்தத் திறந்து பண்ற ஆபரேஷன்) முடிச்சு மூடும்போது தோலுக்கு அடியில ஒரு சக்‌ஷன் டிரெய்ன் (கசியிற நீர உறிஞ்சி எடுக்குற குழாய்) வெச்சா காயம் சீழ் பிடிக்கிறது குறையுமா, அதான் கேள்வி. டிரெய்ன் வெச்சவங்க 30 பேர்ல 5 பேருக்கு இன்ஃபெக்‌ஷன், வெக்காத 30 பேர்ல 8 பேருக்கு. பி வேல்யூ 0.35. கன்க்ளூஷன் ஏற்கனவே டைப் பண்ணி ரெடியா வெச்சிருக்காப்ல, "இரண்டு முறைகளும் சமமானவை"ன்னு.

சரி, மாஸ்டர் சார்ட்ட (எல்லா பேஷன்ட் விவரமும் இருக்குற அட்டவணை) திறப்பான்னேன். காயம்ங்கிற பத்தியில ஒருத்தருக்கு 'ஆமா', ஒருத்தருக்கு ப்ளஸ் குறி, ஒருத்தருக்கு 'மைல்ட்', ஒருத்தருக்கு 'சீரோமா' (காயத்துல நீர் கோத்தது) போட்டு பக்கத்துல கேள்விக்குறி, அதுக்கு நடுவுல 11 கட்டம் காலி. "இது என்னப்பா?" "அவங்க ரிவ்யூக்கு வரல சார். டிஸ்சார்ஜ் அப்ப காயம் நல்லாதான் இருந்துச்சு, 'இல்ல'ன்னு போட்டுக்கலாம்ல சார்?"

அங்கயே உக்கார வெச்சு போன் போட வெச்சேன். மூணாவது நம்பர எடுத்தது பேஷன்ட்டோட மருமக. "தையல் பிரிச்சு அனுப்புனீங்க, நாலு நாள்ல வாய் விட்டுருச்சு, மூணு வாரமா இங்க பி.ஹெச்.சி-லதான் கட்டு மாத்துறோம், அவ்ளோ தூரம் ரெண்டு பஸ் மாறி கூட்டிட்டு வர யாரு இருக்கா"ன்னு அந்தப் பொண்ணு சொல்லுது, தம்பி முகத்துல ஈயாடல. அந்த பேஷன்ட் டிரெய்ன் குரூப். அஞ்சு ஆறாயிடுச்சு. ரெண்டு குரூப்புக்கும் முதல்ல இருந்த வித்தியாசமே மூணு பேருதான், காலி கட்டம் மட்டும் பதினொண்ணு, இதுல எந்த பி வேல்யூவ நான் எங்கேருந்து கொண்டு வர?

காயம் சீழ் பிடிக்கிறத ஆபரேஷன்ல இருந்து 30 நாள் பாக்கணும்னு எல்லாருக்கும் தெரியும், வைவால (வாய்மொழித் தேர்வு) கேட்டா டக்குன்னு சொல்லுவாங்க. அதனால அத விடுறேன். எனக்கு பிபி ஏத்துறது வேற ஒண்ணு, அந்த 'சமமானவை'.

வித்தியாசம் தெரியலங்கிறது வேற, வித்தியாசம் இல்லங்கிறது வேற. சாயங்காலம் கரன்ட் போன வீட்ல மூக்குத்தி கீழ விழுந்துடுச்சு, சிம்னி விளக்க வெச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் தேடுனீங்க, கிடைக்கல. மூக்குத்தியே இல்லன்னா சொல்லுவீங்க? வெளிச்சம் பத்தலன்னுதான சொல்லுவீங்க? பேஷன்ட் எண்ணிக்கைதான் வெளிச்சம். கணக்கு போட்டே பாக்கலாம். ஒரு டிரெய்ன் இன்ஃபெக்‌ஷன 20 சதவீதத்துல இருந்து 10-க்கு கொண்டு வருதுன்னே வெச்சுக்குவோம், பாதிக்குப் பாதி, சர்ஜரில இவ்வளவு பெரிய நல்லது சும்மா கிடைக்காது. அத வழக்கமான 80 சதவீத பவரோட (நிஜமா வித்தியாசம் இருந்தா பத்துல எட்டு தடவ கண்ணுல படுற வாய்ப்பு) கண்டுபிடிக்க ஒரு பக்கத்துக்கு சுமார் 200 பேர் வேணும். 30க்கு 30 வெச்சுப் பண்ணா பத்துல எட்டு தடவ அந்த நல்லது கண்ணுலயே படாது, நீங்களும் 'சமமானவை'ன்னு எழுதி பைண்டிங் பண்ணிருவீங்க.

இன்னும் புரியணும்னா சீட்டான்னு ஒரு ட்ரையல் (பேஷன்ட்டுங்கள குரூப் பிரிச்சு சோதிக்கிற ஆய்வு), 2022ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு. இந்தியா உட்பட 7 நாடு, 81 ஆஸ்பத்திரி, 13,301 பேஷன்ட். வயித்த மூடுறதுக்கு முன்னாடி கிளவ்ஸையும் இன்ஸ்ட்ருமென்ட்ஸையும் புதுசா மாத்துனா இன்ஃபெக்‌ஷன் குறையுமான்னு பாத்தாங்க, 18.9ல இருந்து 16.0 சதவீதத்துக்குக் குறைஞ்சுது. இதையே நம்ம 30க்கு 30 தீசிஸ்ல பண்ணிருந்தா? ஒரு பக்கம் ஆறு பேரு, இன்னொரு பக்கம் அஞ்சு பேரு. ஒரே ஒரு ஆள் வித்தியாசம். கிளவ்ஸ் மாத்துறது வேஸ்ட்டுன்னு ஒரு தீசிஸ் லைப்ரரில போய் தூங்கிருக்கும்.

இந்த 30 எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா "30க்கு மேல இருந்தா போதும்னு ஸ்டேட்ஸ் புக்ல இருக்கு சார்"ங்கிறாங்க. அது சராசரிகளோட கர்வ் ஷேப் பத்தி சொன்ன ஒரு தோராயம்ப்பா. உன் கேள்விக்கு எத்தன பேர் வேணும்னு அது சொல்லவே இல்ல. (சென்னை என்.ஐ.இ (தேசிய தொற்றுநோயியல் நிறுவனம்) நடத்துற பயோமெடிக்கல் ரிசர்ச் கோர்ஸ்ல இதெல்லாம் இருக்கு. எல்லாரும் முடிச்சு சர்டிஃபிகேட் வாங்குறீங்க, வீடியோவ ரெண்டு மடங்கு ஸ்பீடுல ஓட விட்டு.)

எதிர்ப்பக்க ஆளுங்களும் இருக்காங்க. பி வேல்யூ வரலன்னா ரெண்டு பேர 'எக்ஸ்க்ளூட்' பண்றது, இன்ஃபெக்‌ஷன விட்டுட்டு ஆஸ்பத்திரில இருந்த நாள பிடிக்கிறது, அதுவும் இல்லன்னா வலி ஸ்கோர். இருபது விஷயத்த சோதிச்சா சும்மா அதிர்ஷ்டத்துலயே சராசரியா ஒண்ணு 0.05க்கு கீழ வரும், அதுல பெருமைப்பட என்ன இருக்கு? எதப் பாக்கப்போறேன்னு முன்னாடியே சி.டி.ஆர்.ஐ-ல (இந்தியாவோட ட்ரையல் பதிவேடு) பதியச் சொல்றது இதுக்குத்தான். 2018 ஏப்ரல் 1ல இருந்து முதல் பேஷன்ட்ட சேக்குறதுக்கு முன்னாடியே ரிஜிஸ்டர் பண்ணாதான் ட்ரையல ஏத்துக்கிறாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து "பேக் டேட்ல பண்ணலாமா சார்"னு எங்கிட்ட கேக்காதீங்க, ப்ளீஸ்.

நம்ம ஊர் பிஜிங்கள மட்டும் திட்டுறதா நினைக்காதீங்க. மருத்துவ ஆராய்ச்சில போடுற முதலீட்டுல 85 சதவீதம் வீணாப் போகுதுன்னு 2009லயே சால்மர்ஸ், கிளாஸியூன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க கணக்கு போட்டு எழுதிட்டாங்க. 2014ல பி.எம்.ஜே மருத்துவ இதழ்ல வந்த ஒரு ஆய்வுல ரிஜிஸ்டர் ஆன 395 சர்ஜிக்கல் ட்ரையல எடுத்துப் பாத்தா 81 பாதியில நின்னுருக்கு, முக்கியக் காரணம் பேஷன்ட் சேரல. முடிஞ்ச 314லயும் மூணுல ஒண்ணு பப்ளிஷே ஆகல.

என் சொந்த தீசிஸ் கதையையும் சொல்லிடுறேன். 50 ஹெர்னியா கேஸ், அதுல முதல் 40 பக்கம் சுஷ்ருதர், எகிப்து பாப்பிரஸ், வயித்துச் சுவரோட அனாட்டமி. டேட்டா 6 பக்கம். பரண்ல இருக்கு, வருஷத்துக்கு ஒரு தடவ கரப்பான் முட்டைய தட்டி விடுறேன். அதுக்காக ஒரு வருஷம் ரிவ்யூக்கு வந்துட்டுப் போனாரு ஒரு லோடுமேன், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு அவருக்கு. அவர்கிட்ட வாங்குன கையெழுத்துல 'எதிர்கால நோயாளிகளுக்குப் பயன்படும்'னு இருந்துச்சு.

இனி எடுக்கப்போறவங்களுக்கு. டாபிக் சொல்றதுக்கு முன்னாடி ஏற்கனவே பதில் இருக்கான்னு தேடு. சாம்பிள் சைஸ முதல்ல போடு, டேட்டா முடிச்சுட்டு அதுக்கேத்த ஃபார்முலா தேடாத. காயத்துக்கு மார்க் போடுறது ஆபரேஷன் பண்ண ஆளா இருக்கக் கூடாது, எந்த குரூப்னு தெரியாத வேற யூனிட் பிஜிய கூப்பிடு, ஒரு டீ செலவு. ப்ரொஃபார்மால (பேஷன்ட் விவரம் எழுதுற படிவம்) ரெண்டு போன் நம்பர் வாங்கு, பக்கத்து வீட்டு நம்பரா இருந்தாலும் பரவால்ல. வர முடியாதவங்கள பஸ் ஏற வெக்காத, காயத்த போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு.

கைடுங்களுக்கு ஒரு வேண்டுகோள், கைய பிடிச்சுக் கேக்குறேன். ஒரே யூனிட்ல மூணு பிஜிக்கு மூணு டாபிக் குடுக்குறத விடுங்க. இங்கிலாந்துல பயிற்சில இருந்த சர்ஜன்களே சேந்து 21 ஆஸ்பத்திரில 760 பேர வெச்சு ரோஸினின்னு ஒரு ட்ரையல் நடத்தி 2013ல வெளியிட்டாங்க, காய ஓரத்துக்கு பிளாஸ்டிக் ப்ரொடெக்டர் போட்டா இன்ஃபெக்‌ஷன் குறையுமான்னு. ரெண்டு பக்கமும் 25 சதவீத கிட்டத்துலதான் நின்னுச்சு, பலன் இல்ல. அது பெயிலான தீசிஸ் இல்லங்க, அந்த சாதனத்துக்கு காசு போடுறதுக்கு முன்னாடி எவனும் யோசிக்கிற அளவுக்கு ஒரு பதில். நம்ம பத்து காலேஜ் ஒரே ப்ரொஃபார்மாவோட ஒரே கேள்விய எடுத்தா ஒரு பேட்ச்லயே 600 பேர். தீசிஸ் ஆளுக்கு ஒண்ணுதான வேணும், ஆளுக்கு ஒரு பகுதிய பிரிச்சு எழுதட்டும், எந்த யூனிவர்சிட்டி விதி தடுக்குதுன்னு உக்காந்து பேசலாம்.

நேத்து ராத்திரி தம்பிகிட்ட இருந்து மெசேஜ். 11 பேர்ல 9 பேர பிடிச்சுட்டாப்லயாம், அதுல இன்னும் ரெண்டு பேருக்கு சீழ் பிடிச்சிருந்துருக்கு. மிச்ச ரெண்டு நம்பரும் ஸ்விட்ச் ஆஃப், என்ன போடட்டும்னு கேட்டாப்ல. 'தெரியல'ன்னு போடச் சொன்னேன். கன்க்ளூஷன்லயும் 'இந்த எண்ணிக்கை பதில் சொல்லப் பத்தாது'ன்னு மாத்தி எழுதச் சொன்னேன். "கைடு திட்டுவாரு சார்"னு பதில் வந்துச்சு. சனிக்கிழமை அவரப் பாத்துப் பேசுறேன்னு சொல்லிருக்கேன்.