ஈரமா, காய்ந்ததா? பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

விடியற்காலை ஐந்து மணிக்கு என் பட்டறைக் கதவு தட்டப்பட்டால் வந்திருப்பவர் பெரும்பாலும் பூக்காரராகத்தான் இருப்பார். மதுரை செல்லூரில் பட்டறைக்குப் பின்னாலேயே என் வீடு. போன ஆவணியில் ஒரு முகூர்த்த நாள், இரண்டு தெரு தள்ளியிருக்கும் அக்கா ஒருவர் சின்ன ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மொட்டு வாங்கி வந்து கட்டி விற்பவர்.

"நேற்றுதான் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து வாங்கினேன் தம்பி. வீடு வரைக்கும் நன்றாக ஓடியது. இப்போது உதைத்து உதைத்துக் கால்தான் வலிக்கிறது. மறுபடியும் கார்புரேட்டரை அவிழ்க்க வேண்டுமா?"

வேண்டியதில்லை. நேற்று ஓடிய வண்டி இன்று நின்றால், நேற்று கை பட்ட இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை வெளியே எடுக்க ஒருவர் பெட்ரோல் டியூப், காற்றுக் குழாய், ஆக்சிலேட்டர் கேபிள், சில வண்டிகளில் குளிர்ந்த எஞ்சின் கிளம்ப உதவும் சோக்கின் ஒயர் எல்லாவற்றையும் கழற்றுகிறார். திரும்ப மாட்டும்போது இவற்றில் ஒன்று சரியாக உட்காராமல் போவது எளிது. எஞ்சினுக்குள் தீப்பொறி தரும் பிளக்கின் மேல் மாட்டும் கேப் தளர்ந்து கிடந்த வண்டிகளையே எத்தனையோ பார்த்திருக்கிறேன். சைடு ஸ்டாண்டு சுவிட்ச், பிரேக்கைப் பிடித்தால்தான் வேலை செய்யும் செல்ஃப் ஸ்டார்ட்டர் என்று அரை நிமிடத்தில் முடிகிற சோதனைகளும் உண்டு.

அடுத்தது பிளக். பத்துப் பதினைந்து உதைக்குப் பிறகு கழற்றிப் பார்த்தால், முனை நனைந்து பெட்ரோல் வாடை அடிக்க வேண்டும். அக்காவின் வண்டியில் அது வறுத்த கடலை போல் காய்ந்திருந்தது. பெட்ரோல் எஞ்சினுக்குப் போகவே இல்லை என்று அர்த்தம். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தினேன். ஒரு சொட்டு வரவில்லை. டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது.

பல ஸ்கூட்டர்களில் பெட்ரோல் குழாயைத் திறந்து மூடக் கைப்பிடி கிடையாது. எஞ்சின் சுற்றும்போது உண்டாகும் உறிஞ்சு விசை ஒரு மெல்லிய ரப்பர் டியூப் வழியாகப் போய் அந்தக் குழாயைத் திறந்துவிடும். அந்த டியூப்தான் நுனி கழன்று சட்டத்தின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டும் படாமலும் செருகியிருக்கிறார்கள், வழியில் கழன்றிருக்கிறது. கிண்ணத்தில் மிச்சமிருந்த பெட்ரோலில் வண்டி வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. டியூபை அழுத்தி மாட்டினேன். வெறும் கிண்ணம் நிரம்பும் வரை உதைக்க வேண்டும். பதினெட்டாவது உதையில் எஞ்சின் எழுந்தது. அக்கா கூலி எவ்வளவு என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சந்தைக்குப் பறந்துவிட்டார். முகூர்த்த நாளில் மொட்டு விலை அவருக்காகக் காத்திருக்காது.

பிளக் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் கதை வேறு. பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது, அல்லது பொறி இல்லை. சாவியை அணைத்து, சோக்கை ஆஃப் செய்துவிட்டு, பிளக்கைக் கழற்றிய நிலையில் சில முறை உதைத்துத் தேங்கியதை வெளியேற்றுங்கள். பிளக்கைத் துடைத்துக் காய வைத்து மாட்டி, ஆக்சிலேட்டரை முழுவதும் திருகிப் பிடித்து உதையுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: கழற்றிய பிளக்கை எஞ்சின் மேல் வைத்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பது நம் ஊரில் எல்லாரும் செய்கிற வேலை. பிளக் துளை வழியாகப் பெட்ரோல் ஆவி பீறிடும்போது பக்கத்திலேயே பொறி பறந்தால் குப்பென்று தீப்பிடிக்கும். துளையைத் துணியால் அடைத்து, சிந்தியது காய்ந்த பிறகு, பிளக்கைத் தள்ளி வைத்துத்தான் பார்க்க வேண்டும். கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றி உதைப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை எதுவும் இல்லை.

வேலை பழகிய நாளில் நானும் ஒரு தவறு செய்தேன். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் சின்னத் துளையுள்ள பைலட் ஜெட் அடைத்திருந்தது, அதை பிரேக் கேபிளின் ஒற்றைக் கம்பியால் குத்தினேன். ஜெட் பித்தளை, அதன் துளை தலைமுடி நுழையும் அளவுதான். எஃகுக் கம்பி அதைப் பெரிதாக்கிவிட்டது. வண்டி கரும்புகை கக்கியது, காலையில் கிளம்ப அடம்பிடித்தது. புது ஜெட்டை என் கூலியில் வாங்கிப் போட்டேன். கிளீனரைத் தெளித்துக் காற்று அடித்தாலே பெரும்பாலும் அடைப்பு விட்டுவிடும். அந்தக் கிளீனர் ரப்பர் வாஷர்களில் பட்டால் அவை ஊதிப்போகும் என்பதால் முதலில் அவற்றைக் கழற்றிவிட வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் கிளம்பவில்லை, பெட்ரோல் வாடை மட்டும் விடாமல் அடிக்கிறது என்றால், எஞ்சின் ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பாருங்கள். கார்புரேட்டர் கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் ஊசியில் ஒரு துளி அழுக்கு சிக்கினாலும் பெட்ரோல் நிற்காமல் இறங்கி எஞ்சினுக்குள் போய்விடும். குச்சியில் ஆயில் மட்டம் ஏறியிருக்கும், தொட்டால் தண்ணீர் போல் வழியும். அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டினால் உள்ளே பிஸ்டனும் பேரிங்கும் தேய்ந்துபோகும். ஊசியைச் சரிசெய்து, ஆயிலை முழுவதும் வடித்துப் புதிதாக ஊற்றிய பிறகுதான் கிக்கரில் கால் வைக்க வேண்டும்.