கண்ணுக்குள் இருக்கும் மச்சத்துக்குப் புற்றுநோய்க் கோடு போடாதீர்கள்

அமெரிக்கக் கண் மருத்துவமனைகளின் சார்ட்டுகளையும் (நோயாளிக் குறிப்புகள்), காப்பீட்டுக்காக அவற்றிலுள்ள நோய்களுக்குப் போடப்படும் கோடுகளையும் (குறியீட்டு எண்கள்) சென்னையில் ஆடிட் செய்பவள் என்ற முறையில், ஒரே பிழையைத் திரும்பத் திரும்பத் திருத்திச் சலித்துப்போய் இதை எழுதுகிறேன். அண்மையில் பார்த்த ஒரு புறநோயாளி சார்ட்டில் மருத்துவர் தெளிவாகவே எழுதியிருந்தார்: வலக் கண்ணின் கோராய்டில் (விழித்திரைக்குப் பின்னுள்ள இரத்தநாளப் படலம்) தட்டையான நீவஸ் (மச்சம்), அதன்மேல் டிரூசன் (மஞ்சள் நிறப் படிவுகள்), விழித்திரைக்கு அடியில் நீர் இல்லை, மெலனோமா (நிறமிச் செல்களின் புற்றுநோய்) இல்லையென உறுதிசெய்ய ஆறு மாதத்தில் மறுபரிசோதனை. வலக் கோராய்டின் தீங்கற்ற கட்டிக்கான டி31.31 போட வேண்டிய கோடர் (கோடு போடுபவர்), கடைசி வரியில் மெலனோமா என்ற சொல்லைக் கண்டதும் அதே இடத்துப் புற்றுக்கான சி69.31 போட்டுவிட்டார். கண்ணுக்குள் ஒரு மச்சம் மட்டுமே உள்ளவர், காப்பீட்டுப் பதிவில் புற்றுநோயாளியாகிவிட்டார்.

புறநோயாளி சார்ட்டில் சந்தேகம் என்றோ, இருக்கலாம் என்றோ, ரூல் அவுட் (இல்லையென உறுதிசெய்ய வேண்டும்) என்றோ எழுதப்பட்ட நோயை உறுதியான நோயாகக் கோடு செய்யக் கூடாது என்று ஐசிடி-10-சிஎம் (அமெரிக்காவில் பயன்படும் நோய்க் குறியீட்டு முறை) வழிகாட்டியின் நான்காம் பகுதி சொல்கிறது. உள்நோயாளி டிஸ்சார்ஜுக்கு விதி வேறு. அங்கிருந்து மாறி வருபவர்கள் பழைய பழக்கத்தையும் உடன் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

இதைவிட அதிகமாக வருத்துவது டி48 என்ற கோடு. உறுதியாகத் தெரியாத கட்டிகளுக்கெல்லாம் அதுதான் கோடு என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்த பின்பும், அது தீங்கற்றதா புற்றா என்று தீர்மானிக்க இயலவில்லை என்று பேத்தாலஜி (திசுப் பரிசோதனை) அறிக்கை சொன்னால் மட்டுமே அந்தக் கோடு பொருந்தும். பயாப்சி (திசுவை எடுத்துச் சோதித்தல்) முடிவு இன்னும் வரவில்லை என்பது அதற்குக் காரணமாகாது. கோடருக்குப் புரியவில்லை என்பதும் காரணமாகாது. கோராய்டு நீவஸுக்குப் பெரும்பாலும் பயாப்சியே செய்வதில்லை. தடிமன் 2 மி.மீ.யைத் தாண்டுகிறதா, நீர் கோக்கிறதா, ஆரஞ்சு நிறமி தென்படுகிறதா என்பதை ஓசிடியிலும் (ஒளியால் விழித்திரை அடுக்குகளைப் படமெடுக்கும் சோதனை) அல்ட்ராசவுண்டிலும் தொடர்ந்து கவனிப்பதே வழக்கம். அப்படியிருக்க, டி48க்கு அங்கே ஆதாரம் எங்கிருந்து வரும்? விழித்திரையிலோ கோராய்டிலோ டியூமர் என்று மட்டும் எழுதி, அதன் தன்மையை மருத்துவர் குறிப்பிடவில்லையென்றால், அதற்கென்றே டி49.81 இருக்கிறது.

இடத்தையும் கவனித்துப் படியுங்கள். கஞ்சங்டிவாவில் (வெள்விழியை மூடும் மெல்லிய படலம்) உள்ள நீவஸ் டி31.0 பிரிவில் வரும். சில மில்லிமீட்டர் தள்ளி இமைத்தோலில் இருந்தால் அதுவே டி22.1 பிரிவுக்குப் போய்விடும், அங்கே மேல் இமையா கீழ் இமையா என்றும் பார்க்க வேண்டும். பார்வை நரம்பின் தீங்கற்ற கட்டி டி31இல் சேராது, டி33.3இல் சேரும். டெரிஜியம் (வெள்விழியிலிருந்து கருவிழிமேல் வளரும் சதை) கட்டியே அல்ல, அதற்கு எச்11.0 பிரிவு. வலமா இடமா என்பது சார்ட்டில் இருக்கும்போது, எந்தக் கண் என்று குறிப்பிடாத கோடைப் போடுவது வெறும் சோம்பல்.

தீங்கற்றது என்பதற்காகத் தொடர்கவனிப்பைப் பொருட்படுத்தாமலும் விட்டுவிடாதீர்கள்: ஒவ்வொரு விசிட்டிலும் அன்றைய குறிப்பை முழுவதுமாகப் படித்து, அன்றைய நிலைக்கே கோடு போடுங்கள். சென்ற முறை போட்டதை அப்படியே நகலெடுக்க வேண்டாம். குறிப்பு தெளிவாக இல்லையென்றால், தயவுசெய்து ஊகிக்காமல் மருத்துவருக்கு ஒரு குவெரி (விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்புங்கள். பதில் வரும்வரை சார்ட் காத்திருக்கலாம்.