பறவையைத் தொடாமல் பறவை காப்பது

1997-ஆம் ஆண்டு பிரிட்டன் முழுக்கத் தேடியும், முழங்கிய ஆண் குருகுகள் 11-தான் தேறின. பிட்டர்ன் எனப்படும் இந்தக் குருகை எண்ணுவது லேசான காரியமில்லை. நாணல் காட்டை விட்டு வெளியே வராது. ஆள் அரவம் கேட்டால் அலகை வானத்துக்கு நீட்டி அப்படியே உறைந்து நின்றுவிடும்; கழுத்துக் கோடுகள் நாணல் தண்டுகளோடு கலந்துவிடும். ஆனால் வசந்தத்தில் ஆண் பறவை எழுப்பும் முழக்கம், காலிப் புட்டியின் வாயில் ஊதியதுபோல, சில கிலோமீட்டர் தூரம் கேட்கும். ஆகவே கண்ணை நம்பாமல் காதால் எண்ணுகிறார்கள். விடியுமுன் இரண்டு மூன்று பேர் வெவ்வேறு கரைகளில் நின்று, ஒலி வரும் திசையைத் திசைகாட்டியால் குறித்துக்கொள்வார்கள். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பறவை இருக்கிறது. இரண்டு முழக்கங்களும் ஒரே பறவையுடையவையோ என்று சந்தேகம் வந்தால், பதிவு செய்து ஒலி வரைபடத்தை ஒப்பிடுவார்கள். ஆளுக்கு ஆள் குரல் வேறுபடுவதைப்போல, ஆண் குருகுகளின் முழக்கமும் வேறுபடும்.

ஏன் 11-க்கு வந்து நின்றது? அப்போது அதை யாரும் வேட்டையாடவில்லை. நாணலும் பச்சையாகத்தான் நின்றது. சிக்கல் நாணலின் காலடியில் இருந்தது. ஆண்டுதோறும் காய்ந்து விழும் தண்டும் இலையும் நீருக்கடியில் படிந்துகொண்டே போகின்றன. தரை மெல்ல உயர்கிறது, நீரின் ஆழம் குறைகிறது, உலர்ந்த திட்டுகளில் வில்லோ மரக்கன்றுகள் முளைக்கின்றன. குருகு இரை தேடுவதோ நாணலும் திறந்த நீரும் சந்திக்கும் ஓரத்தில். அங்கேதான் மீன் ஒதுங்கும். பறவைகளுக்கு ரேடியோ பொருத்திப் பின்தொடர்ந்தபோது இந்த ஓரத்தின் முக்கியத்துவம் தெளிவானது. ஓரம் வற்றினால் மீன் இல்லை. மீன் இல்லையென்றால் கூட்டில் குஞ்சு பட்டினி.

ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கமும் அதன் கூட்டாளிகளும் அடுத்துச் செய்ததெல்லாம் மண்வெட்டி வேலை. படிந்த வண்டலை இயந்திரத்தால் சுரண்டித் தரையைத் தாழ்த்தினார்கள். நாணலுக்கு நடுவே வாய்க்காலும் குட்டையும் வெட்டி ஓரத்தின் நீளத்தைக் கூட்டினார்கள். மதகுப் பலகைகளைக் கூட்டியும் குறைத்தும் நீர்மட்டத்தைக் கட்டுக்குள் வைத்தார்கள். குளிர்காலத்தில் நாணலை அறுத்து வெளியே எடுத்தார்கள். அதையும் ஒரேயடியாக அறுப்பதில்லை, திட்டுத் திட்டாகச் சுழற்சி முறையில். முழுவதையும் அறுத்துவிட்டால் அடுத்த பருவத்தில் கூடு கட்ட மறைவிருக்காது. கூடு நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே இருப்பதால் வசந்தத்தில் மதகைக் கவனிக்கத் தவறுவது பெரும் பிழை. நீர் ஏறினால் முட்டை மூழ்கும். இறங்கினால் நரி நடந்தே வந்துவிடும். இன்று பிரிட்டனில் முழங்கும் ஆண் குருகுகள் 200-ஐத் தாண்டிவிட்டன.

பறவைப் பாதுகாப்பு என்றதும் சிறகொடிந்த பறவைக்குக் கட்டுப் போடும் படம்தான் பலர் மனதில் வருகிறது. நல்ல செயல்தான். ஆனால் ஓர் இனத்தின் எண்ணிக்கையை அது பெரும்பாலும் அசைப்பதில்லை. பறவை எதனால் குறைகிறது என்று துப்பறிவதும், அந்தக் காரணத்தை நீக்குவதும்தான் இந்த அமைப்புகளின் உண்மையான வேலை. பறவையைக் கையால் தொடவேண்டிய தேவையே அதில் அரிது.

தொடக்கத்தில் துப்பறிய அவசியம் இருக்கவில்லை. பெண்களின் தொப்பியில் செருகும் இறகுக்காகக் கொக்குகளும் முக்குளிப்பான்களும் கொல்லப்பட்டன. காரணம் கடை வாசலிலேயே தொங்கியது. அதை எதிர்த்து மான்செஸ்டர் அருகே டிட்ஸ்பரியில் எமிலி வில்லியம்சன் 1889-இல் தொடங்கிய குழுவிலிருந்து வளர்ந்ததுதான் ஆர்.எஸ்.பி.பி. பாஸ்டனில் ஹாரியட் ஹெமன்வேயும் மின்னா ஹாலும் 1896-இல் மாசசூசெட்ஸ் ஆடுபான் சங்கத்தைத் தொடங்கினார்கள். இறகு இறக்குமதியைத் தடுக்கும் பிரிட்டிஷ் சட்டம் நிறைவேற 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம் கண்ணெதிரே இருந்தும் 32 ஆண்டுகள்!

எந்த இடத்தைக் காப்பது என்பதற்கும் எண்ணிக்கைதான் அளவுகோல். வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் கூடும் ஈரநிலமோ, ஓர் இனத்தின் மொத்தத்தில் 1 விழுக்காட்டைத் தாங்கும் ஈரநிலமோ, ஈரநிலங்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான ராம்சரின் பட்டியலுக்குத் தகுதி பெறும். பறவைப் பாதுகாப்பு அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் தன் முக்கியப் பறவைப் பகுதிகளைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே 1 விழுக்காடு ஓர் அளவுகோல். அதனால்தான் ஜனவரியில் உலகெங்கும் தன்னார்வலர்கள் ஏரிக்கரைகளில் தொலைநோக்கியோடு நிற்கிறார்கள். கூட்டமாகப் பறப்பதை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் 10 பறவைகளை எண்ணி, அந்தப் பரப்பு எவ்வளவு என்று கண்ணில் வாங்கி, அதையே அளவாக வைத்துக் கூட்டம் முழுவதையும் அளப்பார்கள். பெருங்கூட்டம் என்றால் 100-ஐ அளவாகக் கொள்வார்கள். புதிதாக வருபவர்கள் அநேகமாகக் குறைத்தே எண்ணுவார்கள். பக்கத்து ஏரியில் வேறொரு நாள் எண்ணினால் அதே பறவை இரண்டு கணக்கிலும் ஏறிவிடும் என்பதால், ஒரு வட்டாரத்தை ஒரே நேரத்தில் எண்ணி முடிக்கப் பார்ப்பார்கள்.

துப்பறிதலுக்குத் தெற்காசியப் பாறுக் கழுகுகளைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1990-களில் வெண்முதுகுப் பாறுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. முதலில் ஏதோ தொற்றுநோய் என்றுதான் நினைத்தார்கள். இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தால் உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளையாக யூரிக் அமிலப் படிவு. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம். கால்நடைகளுக்கு வலி நீக்கக் கொடுக்கும் டைக்ளோஃபெனாக்தான் காரணம் என்பது 2004-இல் வெளியானது. மருந்து ஏற்றிய சில நாட்களில் மாடு செத்தால், அதைத் தின்னும் பாறு தப்பாது. ஒரே சடலத்தில் பல பாறுகள் விழுந்து தின்பதால், 130-இல் தொடங்கி 760 வரையான சடலங்களில் ஒன்றில் நஞ்சிருந்தாலே அந்த வேகச் சரிவு நேரும் என்று கணக்கிட்டார்கள்.

தடை கோருமுன் மாற்று மருந்து கையில் இருக்க வேண்டும். விவசாயியிடம் மாட்டுக்கு வைத்தியம் பார்க்காதே என்று சொல்ல முடியாது அல்லவா. சோதனையில் மெலாக்சிகாம் பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று தெரிந்தது. 2006-இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடை டைக்ளோஃபெனாக்கைத் தடுத்தன. அதோடு முடியவில்லை. மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் பெரிய புட்டிகளில் வந்து மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்போலக் கடைகளுக்குச் சென்று விசாரித்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். 2015-இல் இந்தியா அந்த ஊசிமருந்தை 3 மில்லி லிட்டர் ஒற்றை அளவுக் குப்பிகளாக மட்டும் விற்க வைத்தது. ஒரு மாட்டுக்குப் பல குப்பிகளை உடைக்க வேண்டும், கட்டுப்படியாகாது.

தீவுகளில் எதிரி எலி. தரையில் கூடு கட்டும் கடற்பறவையின் முட்டையும் குஞ்சும் அதற்குத் தட்டில் வைத்த விருந்து. இங்கே 99 விழுக்காடு வெற்றி என்பது தோல்விதான். ஒரு சூல் எலி தப்பினாலும் சில ஆண்டுகளில் தீவு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தென் அட்லாண்டிக் கடலின் தெற்கு ஜார்ஜியா தீவில் 2011 முதல் 2015 வரை மூன்று கட்டமாக ஹெலிகாப்டரில் வாளி தொங்கவிட்டு, ஜி.பி.எஸ். காட்டும் கோடுகளில் நஞ்சிட்ட தீனியைத் தூவினார்கள். மொத்தம் சுமார் 300 டன். எலிகள் தாண்ட முடியாத பனியாறுகள் தீவைத் தனித்தனிப் பாத்திகளாகப் பிரித்திருந்ததால்தான் கட்டம் கட்டமாகச் செய்ய முடிந்தது. தீனியில் இருப்பது இரத்தம் உறைவதைத் தடுக்கும் மெதுவான நஞ்சு. உடனே கொல்லும் நஞ்சாக இருந்தால், ஒன்று சுருண்டு விழுவதைப் பார்த்து மற்றவை தீனியைத் தவிர்த்துவிடும். 2018-இல்தான் எலி இல்லை என்று அறிவித்தார்கள். அதே கடலின் காஃப் தீவில் 2021-இல் சுண்டெலிகளுக்கு எதிராக இதே வேலை நடந்தது. நஞ்சு தாக்காதபடி அத்தீவுக்கே உரிய நீர்க்கோழிகளைப் பிடித்துக் கூண்டில் வைத்துக் காத்தார்கள். ஆனால் அதே டிசம்பரில் ஒரு சுண்டெலி தென்பட்டது. அத்தனை உழைப்பும் போயிற்று.

நடுக்கடலில் நிலைமை வேறு. அங்கே வேலி போட இடமில்லை. நீண்ட கயிற்றில் வரிசையாகக் கொக்கிகள் கோத்த ஆயிரங்கால் தூண்டில் விடும் படகின் பின்னால், இரையோடு மிதக்கும் கொக்கியை ஆல்பட்ராஸ் கவ்விக்கொண்டு நீரில் மூழ்கிச் சாகிறது. பெரிய ஆல்பட்ராஸ் இனங்கள் ஈராண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். ஒரு பறவை போனால் ஈடு கட்டப் பல ஆண்டுகள். தீர்வு மூன்று: தூண்டில் கயிற்றில் எடை கட்டிக் கொக்கியைச் சீக்கிரம் அமிழ்த்துவது, இரவில் தூண்டில் விடுவது, படகின் பின்னால் வண்ண நாடாக்கள் தொங்கும் கயிற்றை இழுத்துப் பறவையை விரட்டுவது. நாடாக் கயிறு காக்கும் தூரத்துக்குள் கொக்கி பறவைக்கு எட்டாத ஆழத்துக்குப் போயிருக்க வேண்டும். எடை குறைந்தால் நாடாக் கயிற்றைத் தாண்டியும் கொக்கி மேலாகவே கிடக்கும். பக்கவாட்டுக் காற்றடித்தால் கயிறு ஒதுங்கிப்போய்க் கொக்கிகள் வெட்டவெளியில் நிற்கும். அப்போது இரண்டு கயிறு தேவை. நமீபியாவில் இந்தக் கயிறுகளைச் சட்டம் கட்டாயமாக்கிய பிறகு, அடிக்கடல் தூண்டில் படகுகளில் சாகும் கடற்பறவைகள் 98 விழுக்காடு குறைந்தன. அந்த நாடாக்களைக் கயிற்றில் கோத்துக் கட்டித் தருவது வால்விஸ் பே துறைமுக நகரின் பெண்கள் குழு ஒன்று.