சப்பாத்திக்கள்ளிப் பழ ஜூஸ் குடித்தால் ரத்தம் ஊறுமா?

"சிறுநீர்ல ரத்தம் போகுது டாக்டர்" என்று மகளை அழைத்து வந்தார் ஓர் அம்மா. கல்லூரி மாணவி. ஹீமோகுளோபின் 7. ஆனால் சிறுநீர்ப் பரிசோதனையில் ரத்தமே இல்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது: ரத்தம் ஊறட்டும் என்று வீடியோ பார்த்து, தினமும் வெறும் வயிற்றில் சப்பாத்திக்கள்ளி ஜூஸ் கொடுத்திருக்கிறார்கள்.

பழத்துக்கு அந்தச் சிவப்பு நிறத்தைத் தருவது பீட்டாலைன் வகை நிறமி. பீட்ரூட்டிலும் அதே வகைதான். சிலருக்கு அது முழுதாகச் சிதையாமல் சிறுநீரில் இறங்கும். அதனால் கெடுதல் எதுவும் இல்லை. பீட்ரூட் சாப்பிடுகிறவர்களில் இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கே இப்படிச் சிவப்பாகப் போவது அதிகம். ரத்தத்தின் சிவப்போ இரும்பு சேர்ந்த ஹீமோகுளோபினால் வருவது. இரண்டுக்கும் உறவில்லை. 7-ல் நிற்கும் பெண்ணுக்குத் தேவை இரும்பு மாத்திரையும், ரத்தம் ஏன் குறைந்தது என்று பார்ப்பதும்தான். மாதவிடாய்ப் போக்கு அதிகமா, குடற்புழுவா என்று கேட்காமல் ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தால் மாதங்கள்தான் வீணாகும்.

அதற்காகப் பழத்தைக் குறை சொல்லவில்லை. வைட்டமின் சி, நார்ச்சத்து, மெக்னீசியம் எல்லாம் உண்டு. கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்பை உடல் உறிஞ்ச வைட்டமின் சி உதவும். ஆகவே சாப்பாட்டோடு ஒன்றிரண்டு பழம் சாப்பிடுங்கள். கையோடு டீ குடித்து அந்தப் பலனைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த பிரசாரம், கருப்பை நீர்க்கட்டி என்று பலரும் சொல்லும் சினைப்பை நீர்க்கட்டியைக் கரைக்கும் என்பது. சினைப்பையில் வரும் சாதாரண நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று மாதவிடாய்ச் சுழற்சிக்குள் தாமாகவே மறைந்துவிடும். அந்த மாதங்களில் எதைக் குடித்திருந்தாலும் பேர் அதற்குத்தான் போகும்! பி.சி.ஓ.டி. வேறு விஷயம், அது ஹார்மோன் சிக்கல், கரைப்பதற்கு அங்கே கட்டி இல்லை. சர்க்கரைக்கு நல்லது என்று சொல்லப்படும் ஆய்வுகளில் பலவும் மெக்சிகோவில் காய்கறியாகச் சமைக்கும் வேறொரு இனத்தின் தண்டுமடலை வைத்துச் செய்தவை. நம் வேலியோரப் பழத்துக்கு அதை அப்படியே பொருத்தி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

நம் வேலியோரம் என்றாலும் இது அமெரிக்கக் கண்டத்துச் செடி. பெருகித் தொல்லையானதால், 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டுத்தான் தென்னிந்தியாவில் கட்டுப்படுத்தினார்கள். மடலில் வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டியிருக்குமே, அந்த வகைப் பூச்சிதான். பால் வடியும் கள்ளிகள் வேறு குடும்பம். அவற்றின் பால் நஞ்சு. குழந்தைகளுக்கு இந்த வித்தியாசத்தைக் காட்டிக் கொடுங்கள்.

விதைகளை வடிகட்டுவது நல்லது. ஒரே நேரத்தில் நிறையப் பழத்தை விதையோடு தின்றவர்களுக்கு மலக்குடலில் விதை இறுகி அடைத்துக்கொண்டதாக மத்தியதரைக் கடல் நாட்டு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். சிறுநீரகக் கல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தினசரி ஜூஸைத் தவிர்க்கவும்.

என்னிடம் வருவதில் அதிகம் சுணை முள் குத்தியவர்கள்தான். பெரிய முள் கண்ணுக்குத் தெரியும். கொத்துக் கொத்தாக இருக்கும் சுணை தெரியாது, கொக்கி போல மாட்டிக்கொள்ளும். இடுக்கியால் பழத்தைப் பிடித்து, தீயில் வாட்டி, தேய்த்துக் கழுவி, பிறகு தோலுரியுங்கள். விரலில் ஏறிவிட்டால் தேய்க்காதீர்கள், வாயால் கடித்து எடுக்காதீர்கள். இடுக்கியால் முடிந்தவரை பிடுங்கிவிட்டு, வெள்ளைப் பசையை மெலிதாகத் தடவி மேலே வலைத்துணி ஒட்டி, காய்ந்ததும் உரித்தால் மிச்சம் பெரும்பாலும் வந்துவிடும். கண்ணிலோ தொண்டையிலோ பட்டால் வீட்டில் எதுவும் செய்யாமல் நேராக மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.