கைக்கெட்டியது வாய்க்கெட்டாத இரவு: ஒரே ஒரு கோல் தோல்வி ஏன் இவ்வளவு வலிக்கிறது?

"நாலு கோல் வாங்கித் தோற்ற அன்று நிம்மதியாகத் தூங்கினேன். பரம எதிரியிடம் கடைசி நிமிடக் கோலில் 1-2 என்று தோற்ற அன்று விடிய விடியத் தூக்கமில்லை. பெரிய தோல்விதானே அதிகம் வலிக்க வேண்டும்?" என்று கால்பந்து ரசிகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. இதற்கான பதில் நடுமூளையில், சில லட்சம் நரம்பணுக்கள் மட்டுமே உள்ள ஒரு சிறு பகுதியில் இருக்கிறது.

அங்கே போவதற்கு முன் கொஞ்சம் கணக்கு. சமபலம் கொண்ட இரண்டு அணிகள். ஆளுக்கு 90 நிமிடத்தில் சராசரியாக 1.3 கோல் அடிக்கக்கூடியவை என்று வைத்துக்கொள்வோம். கோல்கள் எப்போதாவது, ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் விழுகின்றன என்று கொண்டால் பாய்சான் சூத்திரத்தைப் போட்டு வாய்ப்புகளைக் கணக்கிடலாம். ஆட்டம் தொடங்கும்போது நம் அணி வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 37. இடைவேளைக்குள் 0-3 என்று ஆகிவிட்டால் அது படிப்படியாக இறங்கி 1-க்கும் கீழே போய்விடும். அதற்குப் பிறகு நான்காவது கோல் விழுந்தாலும் இழப்பதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. மொத்தச் சரிவு 37 புள்ளி. அதுவும் நிதானமாக.

இப்போது இன்னொரு ஆட்டம். காயநேரத்தையும் சேர்த்து இன்னும் 10 நிமிடம் இருக்கிறது, நாம் 1-0 என்று முன்னிலை. வெல்லும் வாய்ப்பு 88. எதிரணி சமன் செய்கிறது. பந்து வலையைத் தொட்ட அந்த நொடியில் 88 என்பது 12 ஆகிறது! அடுத்து காயநேரத்தில் இன்னொரு கோல், 12-உம் போய்விட்டது. முன்னிலையில் இருந்தபோது, மீதிப் பத்து நிமிடத்தில் இப்படித் தோற்றுப்போவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். ஸ்கோர்போர்டு காட்டுவது ஒரு கோல் வித்தியாசம். மூளை அளப்பதோ விழுந்த உயரத்தை.

அளக்கும் கருவி, டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணு. "மகிழ்ச்சி ஹார்மோன்" என்று டோபமைனை எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தப் பெயர் அதற்குப் பொருந்தாது. அதன் உண்மையான வேலையைக் கண்டறிந்தவர் நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். பார்க்கின்சன் நோயில் சாவது டோபமைன் நரம்பணுக்கள்தான் என்பதால், உடல் அசைவுக்கும் அவற்றுக்கும் என்ன தொடர்பு என்று தேடித்தான் குரங்குகளின் மூளையில் மெல்லிய மின்முனைகளை வைத்தார். கிடைத்ததோ வேறொன்று.

குரங்குக்கு எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு தந்தால் டோபமைன் நரம்பணுக்கள் படபடவென்று துடித்தன. பிறகு ஒரு விளக்கை எரியவிட்டு, சற்று நேரம் கழித்துச் சாறு தருவதை வழக்கமாக்கினார்கள். சில நாளில் அந்தத் துடிப்பு விளக்கின்மேல் தாவிவிட்டது. விளக்கு எரிந்தால் படபடப்பு. சாறு வரும்போது ஒன்றுமில்லை. எதிர்பார்த்தது வந்தது, அவ்வளவுதான். மூன்றாவது நிலைதான் அழகு. விளக்கு எரிகிறது, சாறு வரவில்லை. சும்மா இருக்கும்போதும் நொடிக்கு நாலைந்து முறை துடித்துக்கொண்டிருக்கும் அந்த நரம்பணு, சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பை நிறுத்தி மௌனமாகிறது.

இதை இன்னொரு முறை வாசியுங்கள். அந்தக் கணத்தில் வெளியே எந்த நிகழ்ச்சியும் இல்லை. ஒலியில்லை, ஒளியில்லை. வராத ஒன்றுக்கு, அது வந்திருக்க வேண்டிய நேரத்தில், ஒரு நரம்பணு பதில் சொல்கிறது. அப்படியானால் எது வரும், எவ்வளவு வரும், எப்போது வரும் என்று மூளை ஏற்கெனவே கணக்கு எழுதி வைத்திருக்கிறது. கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்து, மீதியை மட்டும் அறிவிக்கிறது. 1997-இல் பீட்டர் டயான், ரீட் மாண்டேக் இருவருடனும் சேர்ந்து ஷுல்ட்ஸ் இதை வெளியிட்டார். இயந்திரங்களுக்குக் கற்றுக்கொடுக்கக் கணினி அறிஞர்கள் எழுதிய சமன்பாடும் இந்த நரம்பணுக்களின் நடத்தையும் பொருந்திப்போயின.

இதில் இன்னொரு நுணுக்கம். எதிர்பாராத பரிசு வந்தால் துடிப்பு நொடிக்கு நாலிலிருந்து இருபதுக்கும் மேல் ஏறலாம். மேலே நிறைய இடமிருக்கிறது. ஏமாற்றத்துக்கு அந்த வசதி கிடையாது. பூஜ்யத்துக்குக் கீழே எந்த நரம்பணுவும் துடிக்க முடியாதே! சிறிய ஏமாற்றத்தையும் பெரிய ஏமாற்றத்தையும் பிறகு எப்படி வேறுபடுத்துவது? மௌனத்தின் நீளத்தால். ஏமாற்றம் எவ்வளவு பெரிதோ, அடுத்த துடிப்பு வருவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கிறது. பால் கிளிம்ச்சரின் குழு 2007-இல் குரங்குகளில் இதை அளந்து காட்டியது.

ரசிகருக்கு 1-0 முன்னிலைதான் எரியும் விளக்கு. கடைசி விசில்தான் சாறு. கடிகாரம் 80, 85 என்று நகர நகர எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டே போகிறது. அதாவது, விழப்போகும் உயரமும் ஏறுகிறது.

குரங்குக்குச் சொட்டுச் சொட்டாகச் சாறு கொடுப்பதற்கு யார் பணம் தருவார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு 2017-இல், மூளை ஆய்வுக்கான சர்வதேச விருதான பிரெயின் பரிசு கிடைத்தது. போதைப் பழக்கம், சூதாட்ட நோய், மனச்சோர்வு ஆகியவற்றைப் பற்றிய இன்றைய ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த அடித்தளத்தில் நிற்கிறது. தொடங்கிய நாளில் "இதனால் உடனடிப் பயன் என்ன" என்று படிவத்தில் நிரப்பச் சொல்லியிருந்தால் இவற்றில் ஒன்றைக்கூட எழுதியிருக்க முடியாது. அடிப்படை ஆய்வுக்குப் பயன் கேட்காமல் பணம் ஒதுக்குவதே சரியான கொள்கை.

மௌனம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். வலி ஏன் விடியும்வரை நீள்கிறது? மூளை அந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதால். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் டிவெர்ஸ்கியும் 1982-இல் எழுதிய உதாரணம் புகழ்பெற்றது. இரண்டு பயணிகள் ஒரே வண்டியில் நெரிசலில் சிக்கி, 30 நிமிடம் தாமதமாக விமான நிலையம் வருகிறார்கள். ஒருவரின் விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. மற்றவருடையது தாமதமாகி, 5 நிமிடத்துக்கு முன்புதான் போனது. யாருக்கு அதிக வருத்தம்? நூற்றுக்கு 96 பேர் இரண்டாமவரைச் சொன்னார்கள். இருவருக்கும் இழப்பு ஒன்றே. ஆனால் 5 நிமிடத்தை மனத்துக்குள் சரிக்கட்டுவது எளிது. 30 நிமிடத்தைச் சரிக்கட்ட முடியாது. அதுபோல, நாலு கோலை மனத்தில் அழிக்க நாலு கதை வேண்டும். ஒரு கோலை அழிக்க ஒரே ஒரு "மட்டும்" போதும்: அந்த ஷாட் மட்டும் கம்பத்தில் படாமல் இருந்திருந்தால்! கோல் கம்பத்தின் அகலம் அதிகபட்சம் 12 செ.மீ. மனம் அந்தப் பன்னிரண்டு சென்டிமீட்டரை ராத்திரி முழுக்க நகர்த்திக்கொண்டிருக்கிறது.

மயிரிழையில் தவறுவது நம்மை விலக்காமல் இன்னும் ஒட்டவைக்கிறது என்பதையும் கவனியுங்கள். 2009-இல் லூக் கிளார்க்கின் குழு சூதாட்ட இயந்திரத்தின் மாதிரியைக் கொண்டு மூளையைப் படம் பிடித்தது. ஒரு கட்டம் தள்ளி நின்று தோற்றவர்களுக்கு, முழுதாகத் தோற்றபோது இருந்ததைவிட எரிச்சல் அதிகம். கூடவே வெற்றிக்குத் துடிக்கும் மூளைப் பகுதிகளும் விழித்தன, மீண்டும் ஆடும் ஆசையும் கூடியது. தோற்ற இரவிலேயே அடுத்த மோதல் எந்தத் தேதி என்று தேடுவதும் இதே வகைதான்.

எதை மாற்றிப் பார்ப்பது என்று தேடும் மனம், நாம் வழக்கத்துக்கு மாறாகச் செய்தவற்றை முதலில் பிடித்துக்கொள்ளும். மூடநம்பிக்கை புகுவது இந்த வாசல் வழியாகத்தான். "நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் கோல் விழுந்தது", "ராசியான ஜெர்சியைத் துவைத்துவிட்டார்கள்." உளவியலாளர் ஸ்கின்னர் 1948-இல் புறாக்களுக்குக் குறித்த இடைவெளியில் தானாகத் தீனி விழும்படி வைத்தபோது, தீனி விழுந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்த அசைவையே அவை திரும்பத் திரும்பச் செய்தன. ராசி ஜெர்சியும் அப்படித்தான். வென்ற நாளில் அது தீங்கற்ற விளையாட்டு; தோற்ற நாளில், 22 பேர் ஆடிய ஆட்டத்தின் பழியைத் தூக்கி உங்கள் தலையில் வைக்கிறது. அதைக் கைவிடுங்கள்.

எதிராளி பரம எதிரி என்றால் கணக்கு இரட்டிப்பாகிறது. மீனா சிகாராவும் சகாக்களும் 2011-இல் இரண்டு பரம வைரி பேஸ்பால் அணிகளின் தீவிர ரசிகர்களை எம்ஆர்ஐ கருவியில் வைத்து ஆராய்ந்தார்கள். சொந்த அணி தோற்கும்போது வலியோடு தொடர்புள்ள பகுதிகள் இயங்கின. வைரி அணி தோற்றால், அது மூன்றாவது அணியிடம் தோற்றாலும், பரிசைக் கொண்டாடும் பகுதி இயங்கியது. ஆகவே வைரியிடம் தோற்கும்போது நம் வெற்றி, அவர்கள் தோல்வி என்று இரண்டு பரிசுகள் ஒரே விசிலில் பறிபோகின்றன. சொந்த அணி வென்றால் "நாம ஜெயிச்சோம்", தோற்றால் "அவங்க தோத்துட்டாங்க" என்று ஒதுங்கிக்கொள்வது மேம்போக்கான ரசிகர்களால் முடியும். அணியைத் தன் அடையாளமாகவே கொண்டவருக்கு அந்த வழியும் இல்லை.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. 2006 உலகக் கோப்பையின்போது ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் பகுதியில் இதய அவசர நிகழ்வுகள் மற்ற நாட்களைவிட 2.66 மடங்கு இருந்தன. ஆண்களிடம் 3 மடங்குக்கும் மேல். ஆட்டம் தொடங்கிய முதல் 2 மணி நேரத்தில்தான் உச்சம். இதய நோயாளிகள் ஆட்ட நாளில் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது; நெஞ்சில் அழுத்தம் வந்தால் கடைசி விசிலுக்காகக் காத்திருக்கவும் கூடாது.

சரி, தோற்றாகிவிட்டது. என்ன செய்யலாம்?

முதல் இரண்டு மணி நேரம் வேதியியலுக்கு உரியது. அட்ரினலின் சில நிமிடங்களில் கரைந்துவிடும். மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் அதிர்ச்சிக்குப் பின் 20-30 நிமிடத்தில் உச்சம் தொட்டு, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். இந்த நேரத்தில் வண்டி ஓட்டுவதையும், எதிரணி ரசிகருக்குப் பதில் எழுதுவதையும், வீட்டில் எந்த விவாதத்தையும் தள்ளிவையுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். அமெரிக்கக் கால்பந்தில், வெல்லும் என்று எதிர்பார்த்த அணி தோற்ற நாட்களில் வீட்டில் பெண்கள்மீதான வன்முறை 10 சதவீதம் கூடியதை கார்டு, டால் என்ற பொருளியலாளர்கள் 2011-இல் காட்டினார்கள். தோற்கும் என்று எதிர்பார்த்தே தோற்ற நாட்களில் அந்த உயர்வு இல்லை. மேலே பார்த்த அதே எதிர்பார்ப்புக் கணக்கு.

கோபத்தைக் கொட்டினால் தணியும் என்பது தவறு. பிராட் புஷ்மன் 2002-இல் 600 மாணவர்களை வைத்துச் சோதித்தபோது, கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் மிக அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களின் ஆக்ரோஷம் அவர்களுடையதைவிடக் குறைவு. அரை மணி நேரம் நடக்கலாம், நடுவரைத் திட்டாமல். குடித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் சீக்கிரம் வரும், பின்னிரவில் கலையும்.

அன்றிரவு ஹைலைட்ஸ் பார்க்காதீர்கள். ஒவ்வொரு மறு ஒளிபரப்பும் விளக்கை எரியவிட்டுச் சாற்றைப் பறிக்கும் இன்னொரு சுற்று. படுக்குமுன் நாளைக் காலை முதல் இரவு வரை எதற்கு எவ்வளவு நேரம் போகும் என்று மணிக்கணக்கோடு ஒரு தாளில் எழுதுங்கள். திமதி வில்சனும் சகாக்களும் 2000-இல் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களிடம் கண்டது இது: தோல்வியின் வருத்தம் உண்மையில் நீடிப்பதைவிட நெடுநாள் நீடிக்கும் என்றே நாம் கணிக்கிறோம், இப்படி எழுதியவர்களின் கணிப்பு நிதானமாக இருந்தது.

மறுநாள் சாப்பாட்டில் ஒரு கண் வையுங்கள். அமெரிக்கக் கால்பந்து பற்றிய கோர்னில், ஷாந்தோன் ஆய்வில் ஞாயிற்றுக்கிழமை அணி தோற்ற ஊர்களில் திங்களன்று நிறைவுற்ற கொழுப்பு 16 சதவீதம் அதிகமாக உள்ளே போனது. மயிரிழைத் தோல்வி என்றால் இன்னும் அதிகம். மாற்று எளியது: வாழ்க்கையில் தனக்கு முக்கியமான விழுமியங்களைச் சில நிமிடம் எழுதியவர்களிடம் அந்த விளைவு காணாமல் போனது.

"மட்டும்" கதைகளை அடக்க முயலாதீர்கள், அடக்கினால் பெருகும். எதிர்க்கணக்கு எழுதுங்கள். நமக்குச் சாதகமாக ஒரு "மட்டும்" எழுதினால், பாதகமாக ஒன்று கட்டாயம்: நம் கோல்கீப்பர் விரல் நுனியால் தட்டிவிட்டது, அவர்கள் வெளியே அடித்த திறந்த வாய்ப்பு. ஆட்டத்துக்கு 1.5 கோல் அடிக்கும் அணி, 1 கோல் அடிக்கும் அணியோடு மோதினால் வெல்வது நூற்றுக்கு 49 முறை, டிரா 26, தோற்பது 25. சிறந்த அணியே நாலில் ஒரு முறை தோற்கும். அதற்குச் சதி எதுவும் தேவையில்லை.

மூன்று நாள் கழித்து, முடிந்தால், முழு 90 நிமிடத்தையும் பாருங்கள்; ஒலியை நிறுத்திவிட்டு, கையில் தாளோடு. இரு பக்கமும் கம்பத்தில் பட்டவற்றையும், நடுவர் கண்டும் விட்டுவிட்ட ஃபவுல்களையும் தனித்தனியாகக் குறியுங்கள். 1951-இல் இரண்டு கல்லூரிகளுக்கிடையே நடந்த ஒரு முரட்டு ஆட்டத்தின் படச்சுருளை ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற ஆய்வாளர்கள் அந்த இரண்டு கல்லூரிகளின் மாணவர்களுக்கும் போட்டுக் காட்டியபோது, ஒரு கல்லூரியினர் எதிரணியின் தவறுகளாக எண்ணியது, எதிரணி மாணவர்கள் தங்கள் அணியிடம் கண்டதைப்போல் இரண்டு மடங்கு. உங்கள் தாளிலும் அந்தச் சாய்வு வரும். அதனால் அதே ஆட்டத்தை எதிரணி ரசிகர் ஒருவரையும் எண்ணச் சொல்லி, இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.