கொண்டோ என்னும் கூட்டாதனம்

ஒன்ராறியோவின் பேரி நகரில் பனி கொட்டி ஓய்ந்த ஒரு காலையில், அடுத்தடுத்த இரண்டு தெருக்களில் ஒரே அச்சில் வார்த்தவைபோல் நிற்கும் வரிசை வீடுகளைக் கவனித்தால், ஒரு தெருவில் வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் தத்தம் வாசலில் மண்வாரியோடு நிற்பதையும், மற்றத் தெருவில் ஒரே இயந்திரம் எல்லா வாசல்களையும் வழித்துக்கொண்டு போவதையும் காணலாம். முதல் தெருவில் உள்ளவை தனியுரிமை வீடுகள். இரண்டாவதில் உள்ளவை கொண்டோ வீடுகள். தோற்றத்தில் வேறுபாடு எதுவும் இல்லை. ஆகவே, கொண்டோ என்ற சொல்லுக்கு ‘அடுக்குமாடி வீடு’ என்று நாம் வழக்கமாகச் சொல்லிவரும் பொருள் போதாது. மாடியே இல்லாத வீடும் கொண்டோவாக இருக்கலாம். முப்பது மாடிக் கட்டடம் முழுவதும் வாடகைக்கு விடப்பட்டு, அதில் ஒரு கொண்டோகூட இல்லாமல் இருக்கலாம். இச்சொல் கட்டடத்தின் வடிவத்தைக் குறிக்கவில்லை, அதை உடையவர்கள் அதனை எவ்வாறு உடையவர்களாக இருக்கிறார்கள் என்பதைக் குறிக்கிறது.

கொண்டோ என்பது ‘கொண்டோமினியம்’ என்பதன் குறுக்கம். இலத்தீனில் ‘கொன்’ என்ற முன்னொட்டுக்குச் ‘சேர்ந்து’, ‘உடன்’ என்று பொருள். ‘டொமினியம்’ என்பது உரோமச் சட்டத்தில் முழு உடைமையுரிமையைச் சுட்டிய சொல். வீட்டைக் குறிக்கும் ‘டோமுஸ்’, வீட்டுத் தலைவனைக் குறிக்கும் ‘டொமினுஸ்’ ஆகியவை அதன் உறவுச் சொற்கள். ஆனால் இவ்விரண்டையும் சேர்த்துக் கூட்டுச்சொல்லாக்கியவர்கள் பண்டைய உரோமர் அல்லர். அது பிற்கால இலத்தீனின் ஆக்கம். ஒரு நிலத்தில் எழும் கட்டடம் அந்த நிலத்துக்கே உரியது என்பது உரோமச் சட்டக் கொள்கை ஆதலால், கீழ்வீடு ஒருவருக்கும் மேல்வீடு இன்னொருவருக்கும் உரியது என்ற எண்ணத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை.

ஆங்கிலத்தில் இச்சொல் நெடுங்காலம் வீட்டோடு தொடர்பில்லாமலே வாழ்ந்தது. இரண்டு அரசுகள் ஒரே நிலப்பரப்பைச் சேர்ந்து ஆள்வதே அதன் பொருளாக இருந்தது. 1899 முதல் 1956 வரை பிரித்தானியாவும் எகிப்தும் சேர்ந்து ஆண்ட சூடானும், 1906 முதல் 1980 வரை பிரித்தானியாவும் பிரான்சும் சேர்ந்து ஆண்ட, இன்று வனுவாத்து எனப்படும் நியூ ஹெப்ரிடீஸ் தீவுகளும் அவ்வகையில் கொண்டோமினியங்களே. வீடு என்ற பொருள் வட அமெரிக்காவில் வேரூன்றியது 1960களில்தான். அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 1960இலும், கனடாவில் அல்பேர்ட்டா 1966இலும், ஒன்ராறியோ 1967இலும் இதற்கான சட்டங்களை இயற்றின. இச்சட்டங்கள் ஒரு கட்டடத்தைத் தனித்தனி அலகுகளாகவும் பொதுப் பகுதிகளாகவும் பிரித்தன. அலகு வாங்கியவருக்கு முழுச் சொந்தம்; கூரை, நடைவழி, மின்தூக்கி, வாகனத் தரிப்பிடம் முதலியவற்றில் அவருக்கு மற்றவர்களோடு சேர்ந்த பங்கு. இவற்றைப் பராமரிக்கவென்றே உரிமையாளர் அனைவரையும் உறுப்பினராகக் கொண்ட ஒரு கூட்டுத்தாபனமும் சட்டப்படி உருவாகிறது.

பிற இடங்கள் இதே ஏற்பாட்டுக்குச் சூட்டிய பெயர்கள் மொழிபெயர்ப்பாளருக்கு நல்ல பாடம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1961இலும், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 1966இலும் ‘ஸ்டிராட்டா’ என்ற சொல்லைத் தேர்ந்தன. அதற்கு அடுக்குகள் என்பதே பொருள். அங்கே ‘அடுக்கு’ என்ற தமிழ்ச் சொல் சரியாகவே பொருந்தும். கியூபெக்கின் பிரெஞ்சுச் சட்டம் இதனைப் ‘பிரிக்கப்பட்ட கூட்டுடைமை’ என்ற பொருள்படும் தொடரால் அழைக்கிறது. பிரிவும் கூட்டும் ஒரே தொடரில் நிற்பதால், எனக்குத் தெரிந்த பெயர்களில் இதுவே மிகத் துல்லியமானது. தமிழ்நாட்டுப் பத்திரங்களில் நிலத்தின் ‘பிரிபடாத பாகம்’ என்று எழுதப்படுவது இந்தக் கூட்டுரிமையின் ஒரு பகுதியைத்தான்.

இலங்கையில் இதற்கான சட்டம் 1970களில் வந்தது. இன்று இத்துறையை மேற்பார்வை செய்யும் நிறுவனத்தின் தமிழ்ப் பெயர் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை என்பதாகும். ‘ஆதனம்’ என்பது ஆதனவரி என்ற வழக்கின்வழி ஈழத்தமிழர் அனைவரும் அறிந்த, நிலபுலச் சொத்தைக் குறிக்கும் சொல். ‘கொன்’ என்பதற்குக் ‘கூட்டு’, ‘டொமினியம்’ என்பதற்கு ‘ஆதனம்’ என உறுப்புக்கு உறுப்பு பொருந்திவரும் இச்சொல் கையில் இருக்கும்போது, கனடாவில் வாழும் நாம் புதிதாக ஒன்றைத் தேடவேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கும் வீட்டையும் இச்சொல் குறித்துவிடாதா என்று கேட்கலாம். அதைக் ‘கூட்டுச் சொத்து’ என்றே வழங்கி, கூட்டாதனம் என்பதை இந்தச் சட்ட ஏற்பாட்டுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டால் மயக்கம் நேராது. தனி வீட்டைச் சுட்டக் ‘கூட்டாதன அலகு’ என்றோ, பேச்சுநடையில் ‘கூட்டாதன வீடு’ என்றோ சொல்லலாம்.

இந்த வேறுபாட்டைச் சொல்லிலேயே உணர்ந்துகொள்வது பேரி போன்ற ஊரில் வீடு வாங்குவோருக்கு மிகவும் தேவை. ரொறன்ரோவில் வேலை செய்துகொண்டு பேரியில் குடியேறுவோர் பலர். ரொறன்ரோவைச் சுற்றுநகரங்களோடு இணைக்கும் கோ ரயில் 2007இல் மீண்டும் அந்நகருக்கு ஓடத் தொடங்கியது. ஜோர்ஜியன் குடாவின் உறையாத நீர்ப்பரப்பைக் கடந்து வரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிவந்து பனியாகக் கொட்டும் ஊர் அது. வாகனச் சக்கரங்களில் ஒட்டிவரும் தெரு உப்பு நிலத்தடித் தரிப்பிடத்தின் கொங்கிரீட்டுக்குள் இறங்கி இரும்புக் கம்பிகளை அரிக்கும். அதைத் திருத்தும் செலவு, தரிப்பிடத்தையே பயன்படுத்தாதவர் உட்பட, எல்லா உரிமையாளரையும் சேரும். அத்தகைய பெருந்திருத்தங்களுக்காகச் சேர்த்துவைக்கப்படுவது ஒதுக்கு நிதி. அது போதாவிட்டால் விதிக்கப்படுவது விசேட அறவீடு. ‘அடுக்குமாடி வீடு’ என்று மட்டும் விளங்கிக்கொண்டு கையெழுத்திடுபவருக்கு இந்த அறவீடு யாரோ செய்த அநியாயமாகத் தோன்றும். ஒன்ராறியோவில், விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்திய 10 நாட்களுக்குள் கூட்டுத்தாபனம் வழங்கவேண்டிய ‘ஸ்டேட்டஸ் சர்ட்டிபிகேட்’ என்ற ஆவணத்தில் அந்த நிதியின் இருப்பும், கட்டணங்களும், நிலுவையில் உள்ள வழக்குகளும் இருக்கும். அதைக் ‘கூட்டாதன நிலைச் சான்றிதழ்’ என்று தமிழில் சொல்லிக்கொடுத்தால், தான் வாங்கப்போவது நான்கு சுவர்களை மட்டுமன்று என்பது, ஆங்கிலம் அறியாத பெற்றோருக்கும் அதன் பெயரிலிருந்தே விளங்கும்.