இன்னும் ஒரே ஒரு மேட்ச்: கேம் நம்மை எப்படிப் பிடித்துவைக்கிறது?

இரண்டு மணி நேரம் கேம் ஆடிவிட்டுப் போனைக் கீழே வைக்கிறோம். ஒருநாள் மனசு நிறைந்திருக்கிறது. இன்னொரு நாள், அதே இரண்டு மணி நேரம்தான், எரிச்சல் மட்டும் மிஞ்சுகிறது. வேண்டும் என்ற தவிப்பும் கிடைத்ததை ரசிப்பதும் மூளையில் தனித்தனி ஏற்பாடுகள் என்பதுதான் இதற்கு முக்கியக் காரணம்.

இதை எலிகளிடம் காட்டியவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ். மூளை செல்களுக்கிடையே செய்தி கடத்தும் ரசாயனமான டோபமைன் கிட்டத்தட்ட முழுவதும் அழிக்கப்பட்ட எலிகள் உணவைத் தேடிப் போகவே இல்லை. எதிரில் வைத்தாலும் தொடவில்லை. ஆனால் வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டதும், மற்ற எலிகளைப் போலவே நாக்கைச் சுழற்றி ரசித்தன. டோபமைனை ‘இன்ப ரசாயனம்’ என்று சொல்லிச் சுற்றும் வாட்ஸ்அப் பதிவுகள் தவறுவது இங்கேதான். தேட வைப்பதுதான் அதன் முக்கிய வேலை.

எப்போது தேட வைக்கிறது? மூளை ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தால் டோபமைன் செல்கள் துடித்தன. ஒரு அடையாளத்தைக் காட்டிய பிறகே சாறு என்று பழக்கியதும், துடிப்பு சாற்றிலிருந்து அடையாளத்துக்கு இடம் மாறியது. 2003இல் அவரது குழு இன்னொன்றையும் கண்டது: வருமா வராதா என்பது பாதிக்குப் பாதி என்றிருக்கும்போதுதான், காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் செல்களின் சலனம் உச்சத்தில் இருந்தது.

பெட்டியைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாத கேம்கள் எல்லாம் இந்தக் காத்திருப்பை வைத்துத்தான் ஓடுகின்றன. ஜென்ஷின் இம்பாக்ட்டை எடுத்துக்கொள்வோம். கதாபாத்திரங்களுக்கான குலுக்கலில், ஒருமுறை இழுத்தால் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் வர அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். அதிகபட்சம் 90ஆவது முறை நிச்சயம் கிடைக்கும். கணக்குப் போட்டால், 50 முறை இழுத்த பிறகும் நூற்றுக்கு 74 பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். நிறுத்தவேண்டிய இடம் அது. ஆனால் ‘இன்னும் நாற்பதுதானே’ என்ற எண்ணம் அங்கேதான் வலுக்கும். 90 என்ற உத்தரவாதம் ஆடுபவரைப் பாதுகாக்கிறது என்பது உண்மை. அவரை எழுந்துபோக விடாமல் வைப்பதும் அதுவே.

இன்னொரு வகைப் பிடி, கடிகாரம். கேண்டி க்ரஷ்ஷில் ஐந்து உயிர்கள், 30 நிமிடத்துக்கு ஒன்றாகத் திரும்பி வரும். இரண்டரை மணி நேரத்தில் ஐந்தும் நிரம்பிவிட்டால் அதற்குமேல் சேராது. ஆடாமல் இருப்பதே ஏதோ நஷ்டம் போலத் தோன்ற வைக்கும் கணக்கு இது. தினமும் உள்ளே வந்தால் பரிசு என்பதும் இதே சரக்குதான்.

அப்படியானால் மணிக்கணக்கைக் குறைத்தால் போதுமா? ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2022இல் ஏழு கேம்களை ஆடும் ஏறக்குறைய 39,000 பேரின் தரவைப் பார்த்தார்கள். ஆடியவர்கள் நினைவிலிருந்து சொன்ன நேரம் அல்ல, நிறுவனங்களின் சர்வரில் பதிவான நேரம். ஆடிய நேரம் மனநலத்தைக் கூட்டியதாகவோ குறைத்ததாகவோ குறிப்பிடும்படி எதுவும் தெரியவில்லை. ஏன் ஆடினார்கள் என்பதில் வேறுபாடு இருந்தது. பிடித்து ஆடியவர்கள் நன்றாக இருந்தார்கள். ஏதோ கட்டாயத்தில் ஆடியவர்கள் அவ்வளவு நன்றாக இல்லை. பெற்றோர் கையில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் அளக்காத விஷயம் இது.

அதனால் வெட்டவேண்டியது தவிப்பைத் தூண்டும் பாகங்களை. முதலில் நோட்டிஃபிகேஷன். குரங்குக்குக் காட்டிய அடையாளத்தின் வேலையைப் போனில் செய்வது அதுதான். போன் செட்டிங்ஸில் அந்த கேமுக்கு மட்டும் முழுவதுமாக அணைத்துவிடலாம். அடுத்து, பணம். கேமுக்குள் கார்டு விவரம் சேமிக்கப்பட்டிருந்தால் அழித்துவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் எண்ணைத் தட்டவேண்டியிருந்தால், அந்த ஒரு நிமிடத்தில் பல பேருக்கு ஆசை அடங்கிவிடும்.

அலாரம் வைப்பதுதான் பெரும்பாலும் தோற்கிறது. குழுவாகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை கேமான பிஜிஎம்ஐயில் கிளாசிக் மேட்ச் ஒன்று கடைசி வட்டம் வரை போனால் அரை மணி நேரம் ஓடும். அலாரம் நடுவில் அடித்தால் கூட்டாளிகளை விட்டு யாரும் எழமாட்டார்கள், அணைத்துவிட்டு ஆடுவார்கள். ஒருமுறை அணைத்துப் பழகிய அலாரம் மறுநாள் காதிலேயே விழாது. மணிக்குப் பதில் எண்ணிக்கை வைப்பது நல்லது: இன்று இரண்டு மேட்ச் என்று ஆடத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், நண்பர்களிடமும். இரண்டாவது முடிந்து முடிவுத் திரை வந்ததும், அடுத்த மேட்சைத் தொடங்கும் திரையான லாபிக்குத் திரும்பாமல் அங்கேயே கேமை மூடுங்கள். லாபியில் அடுத்த மேட்ச் ஒரே தட்டு தூரம்தான். தோற்று முடித்த நாளில் இது கஷ்டம். அன்றைக்கு மட்டும் மூன்றாவது என்று ஆரம்பிப்பதுதான் வழக்கமாக நள்ளிரவில் போய் முடிகிறது.

கதை உள்ள, தனியாக ஆடும் கேம்களில் இந்தத் தொல்லை குறைவு. ஆட்டம் சேமிக்கப்படும் இடம், அதாவது சேவ் பாயின்ட், வந்தால் நிறுத்திவிடலாம்.

இவை எதுவும் பலிக்காமல், வேலை, படிப்பு, உறவுகள் பாழாவது தெரிந்தும் நிறுத்த முடியாத நிலை பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடித்தால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்கு ‘கேமிங் டிஸார்டர்’ என்று தனிப் பெயர் உண்டு. 2022 முதல் நடைமுறையில் இருக்கும் பட்டியல் அது. அங்கேயும் எத்தனை மணி நேரம் என்று ஒரு அளவு கொடுக்கப்படவில்லை. அந்த நிலையில் செட்டிங்ஸை மாற்றிக்கொண்டிராமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.